கிளாஸைப் பார்த்தே பீர் வகையைச் சொல்லலாமா? மூன்று ஜோடிகள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்த விளையாட்டு வந்துவிடும். ஒரு கிளாஸை நீட்டி, "என்ன வகை, சொல்லு" என்பார்கள். குடிக்கக் கூடாது. தெரியாவிட்டால் ஒரே ஒரு துப்பு கேட்கலாம். எல்லாரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

கறுப்பு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: அயர்லாந்தின் ட்ரை ஸ்டவுட், ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்பியர். எஸ்ஆர்எம் என்ற நிற அளவில் ஸ்டவுட் 25 முதல் 40 வரை போகும். ஷ்வார்ட்ஸ்பியர் ஏறக்குறைய 20 முதல் 30 வரை. நடுவில் இரண்டும் கலந்துவிடுவதால் "கறுப்பாக இருக்கிறது" என்பது பதிலே இல்லை. செல்போன் டார்ச்சை கிளாஸின் அடியோரம் பிடியுங்கள். ஷ்வார்ட்ஸ்பியர் இரண்டாம் டிகாஷன் மாதிரி, ஓரத்தில் மாணிக்கச் சிவப்பாகத் தெளிந்து தெரியும். அது லாகர், குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிந்தது. ஸ்டவுட் முதல் டிகாஷன். வெளிச்சம் எளிதில் உள்ளே போகாது, போனாலும் விளிம்பில் ஒரு கீற்றுதான்.

அப்புறம் நுரை. அயர்லாந்தின் பிரபல ஸ்டவுட்டான கின்னஸ் போல நைட்ரஜன் ஏற்றி ஊற்றினால் நுரை பாலாடையாகப் படியும், குமிழிகள் சுவரோரமாகக் கீழே இறங்குவதைக் காணலாம். நடுவில் ஏறும் குமிழிகள் பீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அந்த பீர் ஓரமாகத் திரும்பி இறங்கும்போது சின்னக் குமிழிகளையும் கூட்டி வருகிறது. ஆனால் வீட்டு ஸ்டவுட் பெரும்பாலும் பாட்டிலில், வெறும் கார்பன் டை ஆக்சைடோடுதான் இருக்கும். அங்கே இந்த அடையாளத்தைத் தேடினால் ஏமாறுவீர்கள். துப்பு கேட்பதானால் "எத்தனை டிகிரியில் புளிக்க வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். 10 டிகிரி செல்சியஸ் என்றால் ஷ்வார்ட்ஸ்பியர், 18, 20 என்றால் ஸ்டவுட்.

கலங்கல் ஜோடி கொஞ்சம் சிக்கல். பவேரியாவின் ஹெஃபவைட்சன், பெல்ஜியத்தின் விட்பியர் இரண்டும் கோதுமை பீர். இரண்டுக்கும் வெள்ளை நுரை பஞ்சாக நிற்கும். விட்பியரில் முளைகட்டாத கோதுமை சேர்வதால் கஞ்சித்தண்ணி கலந்தது போல வெளுத்திருக்கும். ஹெஃபவைட்சனில் பொன்னிறம் தூக்கலாக இருக்கும், கலங்கலுக்கு ஈஸ்ட்டே பெரிய காரணம். இங்கே துப்புதான் வழுக்கும். "கிராம்பு வாசம்" என்றதும் பலர் மசாலா போட்டது என்று நினைத்து விட்பியர் என்பார்கள். தவறு. ஹெஃபவைட்சனின் கிராம்பும் வாழைப்பழமும் ஈஸ்ட் தருகிற வாசம், ஒரு துளி மசாலாகூடக் கிடையாது. கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் என்று துப்பு வந்தால்தான் விட்பியர். 1950களில் அழிந்துபோன இந்த வகையை ஹூகார்டன் ஊரில் 1966இல் மீட்டெடுத்தவர் பியர் செலிஸ் என்ற பெல்ஜியக்காரர். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

தங்க ஜோடி, அதாவது பில்ஸ்னரும் கோல்ஷும். இரண்டும் கண்ணாடி போலத் தெளிவு, இரண்டும் வெளிர் பொன். கோல்ஷின் ஊரான ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கடைகளில் 200 மில்லி ஒல்லி கிளாஸே கோல்ஷைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மாதிரி கிளாஸில் ஊற்றினால் கண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. சரி, இங்கே யோசித்து நேரம் கடத்தாமல் எடுத்த எடுப்பிலேயே துப்பைக் கேட்டுவிடுங்கள்: ஈஸ்ட் மேலே புளிப்பதா, அடியில் புளிப்பதா? மேலே என்றால் கோல்ஷ்.