சின்ன மிஷன் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்த அனுபவம்: பள்ளி நல்ல பள்ளி, டீச்சர்தான் நிலைப்பதில்லை

கூட வேலை பார்க்கும் பெண் போன வாரம் கேட்டாள். "அக்கா, உங்க பிள்ளைங்க படிச்ச மிஷன் ஸ்கூல்ல எங்க பாப்பாவைச் சேர்க்கலாமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகனுடைய டீச்சரை இந்த ஆகஸ்டில்தான் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். அவளுக்குச் சொன்னதையும், கோபத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம்.

தென் மாவட்டத்துக் கிராமம். கிறிஸ்தவக் கோயிலை ஒட்டி மிஷனரி காலத்தில் கட்டிய ஓட்டுக் கட்டடம். அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி, தமிழ் வழி, அறுபது பிள்ளைகளுக்கு மேல் என்றைக்கும் இருந்ததில்லை. கட்டணம் கிடையாது, பாடப்புத்தகமும் முட்டையோடு சத்துணவும் உண்டு. காலை உணவு மட்டும் முதலில் அரசுப் பள்ளிகளோடு நின்றிருந்தது. 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

எல்லோரும் முதலில் கேட்பது மதத்தைப் பற்றித்தான். நாங்கள் இந்துக்கள். சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போகிற குடும்பம். காலையில் ஜெபம் உண்டு, கீர்த்தனை உண்டு, கிறிஸ்துமஸுக்கு நாடகம் உண்டு. வேதபாட நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும். ஆனால் இருப்பது ஒரே கூடம். ஆகவே தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை எங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நெற்றியில் விபூதியோடு போனவனை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டாம் என்று நினைக்கிற பெற்றோருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர்களை மதபோதனையில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னால் போதும்.

இந்தப் பள்ளி எனக்குத் தந்த பெரிய சந்தோஷம் வாசிப்பு. தினமும் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை முன்னால் வந்து சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு நாள் வேதவசனம், மறுநாள் திருக்குறள், அடுத்த நாள் தினசரியின் முதல் பக்கச் செய்தி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முந்தின நாள் மத்தியானமே சின்னப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே ஓட்டிப் பழக்கிவிடும். முப்பது பேர் ஒரு வகுப்பில் இருக்கிற பள்ளியில் ஒரு பிள்ளையின் முறை எப்போது வரும்? இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். என் மகள் இரண்டாம் வகுப்பில் ஸ்டூல் மேல் ஏறி நின்று வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். காற்புள்ளியில் நிறுத்தினாள், கேள்விக்குறியில் குரலை உயர்த்தினாள். இப்போது அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே எந்த விழாவென்றாலும் மைக்கை அவள் கையில்தான் கொடுக்கிறார்கள். இதற்கு நாங்கள் ஒரு ரூபாய் தனியாகச் செலவழித்ததில்லை.

இனி கோபம். மகள் படித்த காலத்தில் ஐந்து வருடமும் அதே இரண்டு டீச்சர். மகனுக்கு ஒவ்வொரு வருடமும் ஆள் மாறுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்பளம் அரசு தருகிறது, நியமனமும் மாறுதலும் நிர்வாகத்தின் கையில். ஒரே நிர்வாகத்தின் கீழ் எத்தனையோ பள்ளிகள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் எத்தனை என்று முடிவாகும். எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரி. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்ப அனுமதி வரும்வரை அங்கே ஒரு தற்காலிக டீச்சர். கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைத்ததும் அவரும் போய்விடுவார்.

இந்தத் தடவை போன டீச்சரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகனுக்கு ர, ற இரண்டும் குழம்பும். அந்த டீச்சர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் ஐந்து வார்த்தை எழுதிக் கொடுத்து, மறுநாள் கேட்டு வாங்கித் திருத்துவார். மரம், மறம், அரை, அறை என்று ஜூன் மாதம் முழுக்க அதே வேலை. ஜூலைக் கடைசியில்தான் அவன் தப்பில்லாமல் எழுத ஆரம்பித்தான். அப்படிப்பட்டவரை வாரத்தின் நடுவில் கூப்பிட்டு மாற்றுகிறார்கள். பதில் ஆள் இன்னும் வரவில்லை. தலைமையாசிரியர் ஒருவரே ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் செல்போனில் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுகளையும் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெற்றோர் கேட்கலாமே என்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தப்படி, உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமையை நான் மதிக்கிறேன். அந்த உரிமையால்தான் இந்தப் பள்ளி எங்கள் ஊரில் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. அதற்காக, படிப்பு நடக்கும்போது டீச்சரை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சேர்க்க நினைப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால் முடியாது. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. அப்புறம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கிய 7.5 சதவீத இடம் உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை. ஆனால் அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறார்கள். ஐந்தாவது வரை இங்கே படித்துவிட்டு அரசுப் பள்ளிக்குப் போனால் நஷ்டமில்லை.

அந்தப் பெண்ணிடம் "இப்போ சேர்க்காதே" என்றுதான் சொன்னேன். "அப்போ தம்பியை எடுத்துடுவீங்களா?" என்றாள். எடுக்க மாட்டேன். ஐந்தாவது முடிகிறவரை அவன் அங்கேதான். அவன் பழகிவிட்டான், வாசிக்கிறான். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் வகுப்பில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு முழுநேர டீச்சர் வேண்டும், இன்றைக்கு அங்கே அது இல்லை. தாளாளருக்கு மனு எழுதி, பெற்றோர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். டீச்சர் வந்துவிட்டால் அவளுக்கு நானே போன் செய்வேன்.