ஞாயித்துக்கிழமை ஓனருங்க குரூப், திருப்பூர்: ஒரு வருஷ அனுபவம்

பவர் டேபிள் யூனிட் (கரண்ட் மிஷின்ல துணி தைச்சுக் குடுக்கற யூனிட்) வச்சிருக்கேன், 12 மிஷின். ஒரு பார்ட்டி நாலு மாசமா பேமெண்ட் இழுத்தடிச்சப்ப வீட்டுல கூட சொல்ல முடியாம தவிச்சேன், அப்பதான் இந்த குரூப்ல சேர்ந்தேங்க. முதல் மீட்டிங்லயே அங்க இருந்த பெரியவர் என் பில் புக்க வாங்கி புரட்டிட்டு "உத்யம் நம்பரையே போடலியே தம்பி"ன்னாரு, சிறு தொழிலுக்கு அரசாங்கம் குடுக்கற பதிவு நம்பருங்க அது. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டப்படி என்ன அக்ரிமெண்ட் போட்டாலும் 45 நாளுக்குள்ள குடுத்தாகணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டின்னு அவர் சொல்லித்தான் தெரியும். இப்ப அத பில்லுலயே அச்சடிச்சு குடுக்கறேன், பணம் பரவால்லாம வருது. டெய்லர் பத்தலன்னா குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டா போதும், யாராவது ரெண்டு பேர அனுப்பிடறாங்க.

ஒரே குறை, லேடீஸ் ஓனருங்க ரொம்ப கம்மி, காலைல 7 மணிக்கு மீட்டிங்னா அவங்க எப்படி வருவாங்க, டைம மாத்துங்கன்னு கேட்டிருக்கேன். சந்தா மாசம் 200 ரூவா, டீ பன்னு அதுலயே.