சுவீடன் பட வரிசை: தேர்வு அபாரம், திரையிடலில்தான் குறை

மதுரை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு சின்ன அரங்கில் சனிக்கிழமை மாலைகளில் ஓடும் சுவீடன் பட வரிசைக்கு நம்பிப் போகலாம். மௌனப் படக் காலத்திலிருந்து இன்றைய இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்ட் வரை வருகிறார்கள். சுவீடன் என்றாலே நினைவுக்கு வரும் இயக்குநர் இங்மார் பெர்க்மனோடு நின்றுவிடவில்லை. அவர் பாணியை 1962-இலேயே வெளிப்படையாக எதிர்த்து எழுதிய போ வீடர்பெர்க்கின் 'ரேவன்ஸ் எண்ட்' (1963) இருக்கிறது. மால்மோ நகரத் தொழிலாளர் குடியிருப்பு, எழுத்தாளனாகத் துடிக்கும் பையன், குடிக்கு அடிமையான அப்பா, அவசியம் பாருங்கள்.

தேர்வின் உச்சம், விக்டர் ஷோஸ்ட்ரோமின் 'தி ஃபேன்டம் கேரேஜ்' (1921), பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957) இரண்டையும் அடுத்தடுத்த வாரம் வைத்ததுதான். முந்தைய படத்தை இயக்கிக் குடிகாரன் டேவிட் ஹோல்மாக நடித்த ஷோஸ்ட்ரோமே, 36 ஆண்டுகள் கழித்து மற்றதில் முதிய பேராசிரியர். செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் அதே முகம். பெர்க்மன் எந்த மரபிலிருந்து வந்தார் என்பது வேறெந்த விளக்கமும் இல்லாமல் பிடிபடுகிறது.

ஆனால் அந்த மௌனப் படம்தான் திரையிடலில் அடிவாங்கியது. அதில் ஆவிகளைக் கேமராவுக்குள்ளேயே உருவாக்கினார்கள். ஒரு காட்சியை எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அதன்மேலேயே ஆவியை இன்னொரு முறை படம்பிடிப்பது. கேமராவைக் கையால் சுற்றிய காலம் என்பதால் இரண்டு தடவையும் வேகம் ஒத்துப்போக வேண்டும். அப்படிக் கிடைத்த உருவம் புகைபோல மெலிசானது. ஜன்னல் வழியே தெருவிளக்கு வெளிச்சம் விழுந்ததும் திரையில் காணாமலே போய்விட்டது. கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக, ஜன்னல் சட்டத்தைத் தாண்டி ஒரு சாண் தொங்கும்படி கட்டினால் சரியாகும்.

பெர்க்மனின் 'பெர்சோனா' (1966) இன்னொரு வருத்தம். அதன் திரை விகிதம் (உயரத்துக்கு அகலம்) 1.37, அகலத் திரையை நிரப்பப் பெரிதாக்கியதில் நெற்றியும் தாடையும் வெட்டுப்பட்டன. ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டின் குளோசப்புகளே உயிரான படத்துக்கு இது நடக்கக் கூடாது. இருபக்கமும் கறுப்பு விழுந்தால் விழட்டும். லேப்டாப்பில் சரிசெய்தால் மட்டும் போதாது, புரொஜெக்டரின் சொந்த மெனுவிலும் விகிதத்தைப் பார்க்க வேண்டும்.

அவருடைய 'விண்டர் லைட்' (1963) படத்தில் பனியின்மேல் வெள்ளை சப்டைட்டில் படிக்க முடியவில்லை. சப்டைட்டில் தனிக் கோப்பாக இருந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் மஞ்சளாக்கிக் கறுப்பு ஓரம் கொடுக்கலாம். படத்தோடு பதிந்துவிட்டிருந்தால் வழியில்லை, வேறு பிரதிதான் தேட வேண்டும்.

பெர்க்மனின் 'ஃபேனி அண்ட் அலெக்ஸாண்டர்' (1982) 188 நிமிடப் பதிப்பைப் போடுகிறார்கள். 6.30-க்குத் தொடங்கி, இடைவேளையும் விட்டால் பத்து மணியை நெருங்கும். மேலூர், உசிலம்பட்டிக்குத் திரும்புகிறவர்கள் பஸ் நேரம் பார்த்துக்கொண்டு வாருங்கள். தொலைக்காட்சிக்கான 312 நிமிடப் பதிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாலை என்று பிரித்துப் போட்டால் இன்னும் நிறைவாக இருக்கும்.

பெண் இயக்குநர் ஒருவரும் பட்டியலில் இல்லாதது பெரிய குறை. மை செட்டர்லிங்கின் 'தி கேர்ள்ஸ்' (1968) படத்தையாவது சேர்க்க வேண்டும். பெர்க்மன் திரைக்கதை எழுதிய 'டார்மென்ட்' (1944) படத்தில் நடித்தவரும் அவர்தான்; அதையும் சேர்த்துப் போட்டால் ஷோஸ்ட்ரோம் வாரங்களுக்கு இணையான இன்னொரு ஜோடி கிடைக்கும்.

வாசலில் தரும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைப் படம் முடிந்தபின் படியுங்கள், கதையை முழுவதும் சொல்லிவிடுகிறது. தரை சரிவில்லாதது, பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கும்.