இசட் புள்ளியா, படிநிலையா? ஃபான்டஸி கூடைப்பந்துத் தெரிவுக்கான பட்டியல்

வெள்ளவத்தையில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஃபான்டஸி கூடைப்பந்தில், ஒவ்வொருவரும் அமெரிக்காவின் என்பிஏ தொடரில் ஆடும் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்து ஒரு கற்பனை அணி அமைப்போம்; மெய்யான ஆட்டங்களில் அவர்கள் பெறும் எண்கள், புள்ளி, பிளொக் முதலான ஒன்பது பிரிவுகளில் எங்கள் அணிக்குச் சேரும். தெரிவுக்கு முன் ஒவ்வோர் ஒக்டோபரும் ஒரே வாதம் எழுகிறது: வீரர்களை ஒன்று முதல் 150 வரை எண்வரிசையில் நிறுத்துவதா, ஏறத்தாழச் சமமானவர்களைப் படிநிலைகளாகப் பிரிப்பதா?

எண்வரிசைக்கு அடிப்படையான கணக்கு உயர்தரப் பரீட்சை எழுதிய எவருக்கும் புதியதன்று. இரசாயனவியலில் பெற்ற 70ஐயும் உயிரியலில் பெற்ற 70ஐயும் ஒன்றாகக் கொள்ளாமல், அந்தந்தப் பாடத்தின் இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கின்றன என்று பார்க்கும் அதே இசட் புள்ளிதான் இங்கும். விக்டர் வெம்பன்யாமா 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 3.8 பிளொக் (எதிரணியின் எறிதலைத் தடுப்பது) செய்தார். புள்ளிக்கணக்கோடு ஒப்பிட்டால் சிறியதாகத் தெரியும் அந்த எண், பிளொக் என்ற பிரிவுக்குள் மலைபோல் உயர்ந்து நிற்கிறது. விழுக்காட்டுப் பிரிவுகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. யானிஸ் அன்டெடொகூன்போ என்ற வீரர் அதே பருவத்தில் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட ஃப்ரீ த்ரோக்களை (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்கள்) எறிந்து, 61.7 விழுக்காட்டையே கூடையில் சேர்த்தார். அதே விழுக்காட்டுடன் இரண்டு மட்டும் எறியும் வீரர் அணிக்கு ஏற்படுத்தும் சேதம் அதில் ஐந்திலொரு பங்குதான். ஆகவே எறிதல்களின் எண்ணிக்கையால் பெருக்காத இசட் புள்ளி பயனற்றது.

இம்முறையின் குறை, ஒன்பது பிரிவுகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கும்போது வீரரின் வடிவம் மறைந்துவிடுவதாகும். மற்றப் பிரிவுகளை வெல்வதற்காக ஃப்ரீ த்ரோவைக் கைவிடத் துணிந்த அணிக்கு யானிஸ் முதல் சில இடங்களுக்குள் வருவார். கூட்டுத்தொகையோ அவரைக் கீழே தள்ளிவிடும். ஆட்டத்துக்கான சராசரி மறைக்கும் இன்னொன்றும் உண்டு: வெம்பன்யாமா அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 46இல்தான் ஆடினார்.

படிநிலை முறையின் பலம் தெரிவு மேசையில்தான் புலப்படும். சுற்றுக்குச் சுற்று தலைகீழாகி, பாம்புபோல் திரும்பிவரும் வரிசையில் கடைசி இருக்கையில் இருப்பவர் 12ஆம், 13ஆம் தெரிவுகளை அடுத்தடுத்துச் செய்துவிட்டு, 36ஆம் தெரிவு வரை காத்திருக்க வேண்டும். இடையில் 22 வீரர்கள் போய்விடுவார்கள். அந்த நிலையில் 14ஆவது வீரர் 15ஆவதைவிட மேலா என்ற ஆராய்ச்சி வீண். ஒரே படியில் ஐந்து சென்டர்களும் (கூடையருகே ஆடும் உயரமானவர்கள்) ஒரேயொரு பொயின்ட் கார்டும் (பந்தை நடத்திச் செல்பவர்) எஞ்சியிருந்தால், கார்டை எடுத்துக்கொள்வதே புத்தி. ஆயினும் படியைக் கையால் வகுப்பவரின் மனம் எப்போதும் நடுநிலையாக இருப்பதில்லை. எங்களுள் லேக்கர்ஸ் ரசிகர் ஒருவர் இருக்கிறார்; அவருடைய தாளில் அந்த அணியினர் அனைவரும் ஒரு படி மேலேயே குடியிருப்பார்கள்.

நாங்கள் ஆடும் இணையத்தளம் தரும் ஆயத்தப் பட்டியல், மற்றவர்கள் யாரை எப்போது எடுப்பார்கள் என்பதை ஊகிக்க மட்டுமே உதவும்.

எனது தேர்வு, இசட் புள்ளியை முதலில் கணித்து, எண்களுக்கிடையே பெரிய பள்ளம் தெரியும் இடத்தில் மட்டும் கோடு கிழிப்பதாகும்; அப்போது படிகளை வகுப்பது என் விருப்பு வெறுப்பாக இராது. நூறாம் இடத்துக்குப் பின் பள்ளமே தென்படுவதில்லை. அங்கே கணக்கை மூடிவிட்டு, எவருக்கு ஆட்டத்தில் கூடுதல் நிமிடங்கள் கிடைக்கும் என்பதை மட்டும் பார்க்கிறேன்.