பையை முதுகுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் காரைக்குடிக் கடை

திருச்சியில் விமானம் ஏறிக் கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, பாங்காக் என்று முழுக்க ரயிலிலேயே தனியாகப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், ஆளாளுக்கு ஒரு சாமான் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய 40 லிட்டர் முதுகுப்பை. நல்ல துணி, நல்ல ஜிப்பு. ஆனால் ஆறடி ஆளுக்கு வெட்டியது. நான் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை கூட. மாட்டினால் இடுப்புப் பட்டை தொடைக்கு வந்துவிட்டது. கனம் முழுக்கத் தோளில் இறங்கியது. அதைச் சரிசெய்து கொடுத்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வெளியூருக்குப் பை மாட்டிக்கொண்டு கிளம்பும் எண்ணம் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தக் கடையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லாரித் தார்ப்பாய் மடித்துக் கிடக்கும், மேலே பைக் சீட் கவர் தொங்கும், அதுதான் அடையாளம். ஸ்கூல் பைக்கு ரன்னர் மாற்றுவது, சூட்கேசுக்குச் சக்கரம் போடுவது, ரெக்ஸின் வேலை எல்லாம் செய்கிறார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். மிஷினில் உட்காருவது அண்ணன்.

பையை மேசையில் வைத்ததும் அவர் துணியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. "இதத் தூக்கிக்கிட்டு எங்க போறீக ஆச்சி?" என்றார். சொன்னேன். "எங்கெங்க எறங்கி ஏறணும், அதச் சொல்லுங்க மொதல்ல. பையி அப்பறம்." இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் முழுவதும் இந்தக் கேள்விக்குத்தான். நான் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல, அவர் சாக்பீஸால் பையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

முதலில் விமானம். கோலாலம்பூர் போகும் மலிவு விமானத்தில் கையோடு 7 கிலோதான் கொண்டுபோகலாம். பை 56 செ.மீ. உயரத்துக்குள் அடங்க வேண்டும். நாடா வைத்துப் பார்த்தார், அடங்கியது. கூடாரம் கட்ட, கைத்தடி மாட்ட என்று வெளியே தொங்கிய பட்டைகளைக் காட்டி, "இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு?" என்று கத்தரித்துவிட்டார். அறுத்த முனைகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, நைலான் உருகியதும் கத்தரியின் முதுகால் ஒரு அழுத்து அழுத்தினார். இனி பிரியாது.

பிறகு அளவு. நாடாவை என்னோடு வந்த நாத்தனாரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னார். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக முதுகில் வரும் இடம் வரை. ஆள் எவ்வளவு உயரம் என்பது முக்கியமில்லை, இந்த நீளம்தான் பைக்கு அளவு. எனக்கு 15½ அங்குலம், பையில் 19. தோள்பட்டை இரண்டையும் அடியோடு பிரித்து 3½ அங்குலம் கீழே இறக்கித் தைத்தார். இப்போது இடுப்புப் பட்டை எலும்பின் மேல் சரியாக உட்காருகிறது. கனத்தில் பெரும்பங்கை இடுப்பு வாங்கிக்கொள்கிறது, தோளுக்குப் பை சாயாமல் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

தையலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டை சேரும் இடத்தில் சதுரமாக ஓட்டி, அதற்குள் குறுக்கே இரண்டு கோடு, அதன் மேலேயே திரும்ப ஒருமுறை. நூல் நைலான் நூல். வியர்வை பட்டால் பருத்தி நூல் இற்றுவிடும் என்று அதைத் தொடுவதே இல்லையாம்.

அடுத்தது பாடாங் பெசார். மலேசியாவும் தாய்லாந்தும் சந்திக்கும் எல்லை ஸ்டேஷன் இது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கினால், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்துக்குள். மலேசியாவை விட்டு வெளியேறும் முத்திரை, நாலு எட்டில் தாய்லாந்துக்குள் நுழையும் முத்திரை, அப்புறம் பாங்காக் ரயில். வரிசையில் நின்றுகொண்டு பையைக் கொட்டி பாஸ்போர்ட் தேட முடியாது. இதைக் கேட்டதும் முதுகைத் தொடும் பக்கத்தில், மெத்தைக்கும் துணிக்கும் நடுவே, ஒரு மறைவுப் பாக்கெட் வைத்தார். பை முதுகில் இருக்கும்வரை வேறொருவர் கை அங்கே போகாது. கழற்றி மடியில் வைத்தால் என் கைக்கு நேரே ஜிப்பு. அதன் பக்கத்திலேயே தாள் வைக்க ஒரு தட்டையான உறை. மலேசியாவுக்கு ஒன்று, தாய்லாந்துக்கு ஒன்று என்று வருகை அட்டை இரண்டை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. போன் சார்ஜ் தீர்ந்தாலும் பயமில்லாமல் இருக்க அச்செடுத்து இந்த உறையில் வைத்துக்கொள்வேன். தாய் ரயிலின் நேரம் தாய்லாந்துக் கடிகாரப்படி, மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டேன்.

இரவு ரயிலில் நம் ஊர்போல அறை அறையாகத் தடுப்பு இருக்காது. இரண்டாம் வகுப்பில் நடைபாதையின் இரு பக்கமும் நம் சைடு பெர்த் போல நீளவாட்டில் மேலும் கீழுமாகப் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை. கீழ்ப்படுக்கை அகலம் கூட, காசும் கொஞ்சம் கூட. நான் கீழே எடுக்கிறேன். பையை எங்கே வைத்தாலும் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட, பையின் தலையில் இரட்டைப் பட்டையில் ஒரு வளையம் தைத்துக் கொடுத்தார்.

பேச்சோடு பேச்சாக, எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர் என்று சொன்னேன். அந்த ஊர்த் தைப்பூசத்தில் ஓடும் நகரத்தார் வெள்ளி ரதம் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் போனதுதான் என்றதும், மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஐயா தங்கிய கிட்டங்கி (செட்டியார்கள் தொழிலும் நடத்தித் தங்கவும் செய்த கட்டடம்) இருந்த தெருவையும் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறப்போகிறேன்.

பை கைக்கு வந்ததும் 7 கிலோ அரிசி கட்டி உள்ளே வைத்து குன்றக்குடிப் படி ஏறிப் பார்த்தேன். அங்கிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் ஊர் நம் ஊர். பாரம் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, தோள் வலிக்கவில்லை. இன்னொரு நாள் அதே கனத்தோடு ராமேஸ்வரம் ரயிலில் போய் வந்தேன். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கவும் முடிந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். சொன்ன நாளில் தரமாட்டார்கள். "நாளைக்கு வாங்க ஆச்சி" என்பதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ரசீது இல்லை. மார்புப் பட்டைக்கு முதலில் போட்ட பிளாஸ்டிக் பக்கிள் மட்டமானது, இழுத்தால் கழன்றது. காட்டினேன்; முகம் சுளிக்காமல் தடித்ததாக வேறு மாற்றினார்கள், அதற்குக் காசு வாங்கவில்லை. மழையுறை மட்டும் இங்கே தைக்கக் கொடுக்க வேண்டாம். ரெக்ஸினில் தைக்கிறார்கள், கனம் கூடுகிறது, ஊசித் துளை வழியே தண்ணீர் உள்ளே வருகிறது. அதற்குப் பதில் தடித்த பாலித்தீன் பை ஒன்றை உள்ளே விரித்து, துணிமணியை அதற்குள் அடுக்கி வாயை முறுக்கிக் கட்டிவிட்டேன். பினாங்கு மழைக்கு இதுவே எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

தோள்பட்டை இறக்கியது, இரண்டு பாக்கெட், வளையம், பக்கிள் எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது. எனக்கு அது மிகக் குறைவாகவே பட்டது. ஜூனில் பள்ளி திறக்கும் சமயம் போகாதீர்கள். ஸ்கூல் பைக் குவியலுக்கு அடியில் நம் பை போய்விடும். போகும்போது பையைக் காலியாகக் கொண்டுபோகாமல், எடுத்துப்போகும் சாமானையெல்லாம் அடைத்து, எந்தெந்த ஸ்டேஷனில் இறங்கி ஏறப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைத்தான் அவர் முதலில் கேட்பார்.