18 லிட்டர் போதுமா? கூலர் மாஸ்டர் என்ஆர்200பி கேபினட், ஒரு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதறேன்

எங்க வீடு பெங்களூர் அல்சூர்ல, மாடில ரெண்டே ரூம். ஜன்னலோரம் நாலடி டேபிள் ஒண்ணு, அதுல பாதி வைஃபுக்கு, அவங்க சாயங்காலம் ஆன்லைன்ல டியூஷன் எடுக்கறாங்க, மீதி பாதி எனக்கு, நான் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். முன்னாடி வெச்சிருந்த பெரிய கேபினட் (கம்ப்யூட்டர் பார்ட் எல்லாம் உள்ள மாட்டற பெட்டி) டேபிள் மேல ஏறாது, கீழ வெச்சா கால் நீட்ட முடியாது, வீடு கூட்டும்போதெல்லாம் தூசி நேரா அதுக்குள்ளதான் போகும். ரொம்ப நாள் யோசிச்சு, போன வருஷம் மொத்த மெஷினையும் சின்னதா மாத்திடலாம்னு இறங்கினேன். வாங்கினது கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. 2020-ல வந்த மாடல்தான், புதுசு இல்ல, ஆனா சின்ன பில்டு பண்றவங்க இன்னும் இதப் பத்தி பேசறாங்கன்னா காரணம் இருக்கு.

முதல்ல லிட்டர் கணக்க சொல்லிடறேன், ஏன்னா சின்ன கேபினட் பத்தி யாரு பேசினாலும் லிட்டர்லதான் பேசுவாங்க. வெளி அளவு மூணையும் பெருக்கினா வர்ற கொள்ளளவுதான் அது. இதுக்கு கம்பெனி சொல்றது 18.25 லிட்டர். நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் 20 லிட்டர், அத மனசுல வெச்சுக்கோங்க, அதவிட கொஞ்சம் கம்மி. எல்லாரும் சாதாரணமா வாங்கற மிட் டவர் கேபினட் நாப்பது லிட்டர் சுலபமா தாண்டும், அதாவது ரெண்டு கேன். ஆனா ஒரு விஷயம், அந்த 18.25-ங்கறது அடில இருக்கற கால், பின்னாடி நீட்டிட்டு இருக்கறது எல்லாத்தையும் விட்டுட்டு போட்ட கணக்கு. டேபிள்ல இடம் அளக்கறப்போ 37.6 செ.மீ நீளம், 18.5 அகலம், 29.2 உயரம்னு எடுத்துக்கணும், பின்னாடி ஒயர் மடங்கறதுக்கு இன்னொரு நாலு விரல் விடணும். நான் நியூஸ்பேப்பர இந்த அளவுக்கு வெட்டி டேபிள்ல ரெண்டு நாள் போட்டு வெச்சிருந்தேன், வைஃப் பாத்துட்டு இவ்ளோதானான்னு கேட்டாங்க, அப்பதான் ஆர்டர் போட்டேன்.

இதவிட சின்னது இல்லையான்னா நிறைய இருக்கு. ஃப்ராக்டல் டெர்ரா 10.4 லிட்டர், டான் ஏ4 7.2 லிட்டர்தான். பாக்க அவ்ளோ அழகா இருக்கும், எனக்கும் ஆசை வந்துச்சு. ஆனா அதுலெல்லாம் மதர்போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு அதுக்கு முதுகாட்டி இன்னொரு பக்கம், நடுவுல ரெண்டையும் இணைக்கிற ரைசர் கேபிள், சிபியு (ப்ராசஸர்) மேல சூடு தணிக்க வைக்கிற கூலர் தட்டையா இருந்தாதான் உள்ள போகும். ஒரு பார்ட் போச்சுன்னா எஸ்பி ரோட்டுக்குப் (கம்ப்யூட்டர் பார்ட் கடைங்க இருக்கற பெங்களூர் தெரு) போய் அன்னிக்கே மாத்து பார்ட் வாங்கி மாட்டி, ராத்திரி எடிட்டிங்க்கு உக்காரணும், என் பொழப்பு அப்படி. அதனால எவ்ளோ சின்னது அப்படிங்கறதவிட, நம்ம ஊர் கடைல கிடைக்கிற பார்ட்ல எத்தன உள்ள போகும்னுதான் நான் பாத்தேன். அந்தக் கணக்குல இந்த கேபினட்ட அடிச்சிக்க முடியல. கிராஃபிக்ஸ் கார்டு 330 மி.மீ நீளம் வரைக்கும் போகும், மூணு ஸ்லாட் தடிமன் (பின்பக்கம் மூணு பட்டை இடம் அடைக்கிற கார்டு) தாங்கும், சிபியு கூலர் 155 மி.மீ உயரம் வரைக்கும் நிக்கும். போர்டு மட்டும் மினி ஐடிஎக்ஸ்தான், அதாவது 17 செ.மீக்கு 17 செ.மீ, வியா கம்பெனி 2001-ல கொண்டுவந்த அளவு. ரேம் ஸ்லாட் ரெண்டுதான், கார்டு சொருகற ஸ்லாட் ஒண்ணுதான், அதுக்கு மேல ஆசைப்பட்டா இந்தப் பக்கமே வரக்கூடாது.

அந்த 155-ங்கற நம்பர நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, எனக்கு ஒரு சனிக்கிழம முழுசா போனது அதுலதான். மெட்ரோல மெஜஸ்டிக் போய் க்ரீன் லைன் மாறி சிக்பேட்ல இறங்கி எஸ்பி ரோடு போனேன், ஒரு கடைல (பேர் வேணாம்) கேபினட் பேர சொல்லி கூலர் கேட்டேன், பையன் பெட்டிய எடுத்து வெச்சு "ஆகுத்தே சார், ஃபிட் ஆகுத்தே"ன்னு கன்னடத்துல அடிச்சு சொன்னான், நானும் நம்பி வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து மாட்டினா கூலர் 158 மி.மீ. மூணே மி.மீதான் ஜாஸ்தி, ஆனா சைடு பேனல் மூடாது, அழுத்திப் பாக்கவும் பயமா இருக்கு, கீழ சிபியு இருக்கு. திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, வேற ஐட்டம் வேணா மாத்தி தரேன்னாங்க, கூட காசு போட்டு 135 மி.மீ உயரத்துல ரெட்டை டவர் மினி கூலர் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். எல்லாரும் கண்ண மூடிட்டு வாங்கற 12 செ.மீ ஃபேன் டவர் கூலர் நிறைய 155-லேருந்து 160 வரைக்கும் நிக்கும், அதனால பெட்டில போட்டிருக்கற உயரத்த நீங்களே படிச்சுப் பாருங்க, கடைக்காரர் வாய் வார்த்தைய வெச்சு வாங்காதீங்க.

எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு கரண்ட் கொடுக்கற பவர் சப்ளை) கதையும் அதே மாதிரிதான். சாதாரண ஏடிஎக்ஸ் சைஸ் எஸ்எம்பிஎஸ் இதுக்குள்ள போகாது, எஸ்எஃப்எக்ஸ் இல்லனா எஸ்எஃப்எக்ஸ்-எல்ங்கற சின்ன சைஸ்தான். எஸ்எஃப்எக்ஸ்னா 12.5 செ.மீ அகலம், 6.35 உயரம், 10 நீளம், கைல எடுத்தா டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். எஸ்பி ரோட்டுல எல்லாக் கடைலயும் இது இருக்காது, அஞ்சாறு கடை ஏறி இறங்கணும், இருந்தாலும் அதே வாட்டுக்கு ஏடிஎக்ஸ விட விலை ஜாஸ்தி. ஐடிஎக்ஸ் போர்டும் அப்படித்தான். கேபினட் விலைய மட்டும் பாத்துட்டு இறங்கினா பட்ஜெட் எங்கயோ போய் நிக்கும், இந்த மூணையும் சேத்து கூட்டிப் பாருங்க.

இப்ப அசெம்பிள் பண்ற கதை, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம். ஞாயித்துக்கிழம காலைல டிபன் முடிச்சுட்டு தரைல பாய் விரிச்சு உக்காந்தேன். ரெண்டு சைடு பேனல், மேல் மூடி, முன் பேனல் எல்லாமே இழுத்தா கழண்டு வந்துடும், ஸ்க்ரூ டிரைவரே வேணாம், கடைசில கைல எலும்புக்கூடு மாதிரி ஒரு ஃப்ரேம் மட்டும் நிக்கும், நாலு பக்கமும் கை போகும். சின்ன கேபினட்னாலே கை கீறும், விரல் நுழையாதுன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, இதுல அந்தப் பாடு இல்ல. வரிசை மட்டும் முக்கியம். சிபியு, ரேம், எம்.2 எஸ்எஸ்டி, கூலர் எல்லாத்தையும் போர்டுல வெளிலயே மாட்டிடுங்க, அப்புறம் போர்ட உள்ள இறக்கி, சிபியுக்குப் போற எட்டு பின் ஒயர மேல் ஃபேன் மாட்டறதுக்கு முன்னாடியே சொருகிடுங்க, ஃபேன் வந்துடுச்சுன்னா அந்த மூலைக்கு விரல் போகாது. எஸ்எம்பிஎஸ் இதுல பின்னாடி இல்ல, முன் பேனலுக்குப் பக்கத்துல ஒரு பிராக்கெட்ல தொங்கும், சுவத்துலேருந்து வர்ற பவர் கார்டு பின்னாடியே சொருகற மாதிரி உள்ளுக்குள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் ஓடுது. மாடுலர் (வேண்டிய ஒயர மட்டும் சொருகிக்கற) எஸ்எம்பிஎஸ்ஸா பாத்து வாங்குங்க, இல்லனா தேவையில்லாத ஒயர் மூட்டைய வைக்க இடமே கிடையாது. போர்டுக்குப் போற 24 பின் ஒயர் விறைப்பா இருக்கும், அத வளைச்சு படுக்க வைக்கத்தான் எனக்கு அரை மணி நேரம். மொத்தமா மூணு மணி நேரம் ஆச்சு, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஸ்க்ரீன் வந்துடுச்சு.

உள்ள இருக்கறது ரைசன் 5 7600 சிபியு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. வேணும்னேதான் இப்படி எடுத்தேன், அந்த சிபியு 65 வாட் ரகம், கார்டு 115 வாட், ரெண்டுமே அடக்கமா இருக்கறதால சின்ன இடத்துல சூடு ரொம்ப ஏறாது.

சூடுன்னதும் கண்ணாடிக்கு வரேன். இந்த பி மாடல்ல கண்ணாடி பேனல் ஒண்ணு, ஓட்டை போட்ட இரும்பு பேனல் ஒண்ணு, ரெண்டும் பெட்டிலயே வருது, எது வேணுமோ மாட்டிக்கலாம். எல்லாரையும் போல நானும் முதல்ல கண்ணாடிதான் மாட்டினேன், நாலு மணி நேரம் ஓடற ரெண்டர் (எடிட் பண்ண வீடியோவ முழு ஃபைலா எடுக்கற வேலை) ஒண்ணு போட்டப்போ கார்டு 75 டிகிரி தாண்டி நின்னுச்சு, ஃபேன் சத்தம் வைஃப் கிளாஸ் எடுக்கற மைக்ல கேக்குதுன்னு கம்ப்ளெயிண்ட். அடுத்த நாள் அதே வேலைய இரும்பு பேனல் போட்டு ஓட்டினேன், 70-க்குள்ளயே இருந்துச்சு, சத்தமும் அடங்கிடுச்சு. ஏன்னு பாத்தா விஷயம் எளிசு, இந்த கேபினட்டுக்கு முன்னாடி காத்து போற வழியே கிடையாது, முன் பேனல் வெறும் தகடு, காத்து அடிலேருந்தும் சைடுலேருந்தும்தான் உள்ள வரணும், மேலயும் பின்னாடியும் வெளிய போகணும். கண்ணாடி போட்டா ஒரு பக்க வழிய நாமளே அடைச்ச மாதிரி. ஏப்ரல்ல பெங்களூர் இப்ப என்ன சூடுன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், பழைய பெங்களூர நினைச்சு கண்ணாடி போட்டுடாதீங்க. என் கண்ணாடி ஒரு வருஷமா பீரோ மேல துணில சுத்தி வெச்சிருக்கு. அடில 12 செ.மீ ஃபேன் ரெண்டு மாட்ட இடம் இருக்கு, ரெண்டு ஸ்லாட் கார்டா இருந்தா சாதாரண 25 மி.மீ ஃபேனே போகும், அதவிட தடி கார்டுன்னா 15 மி.மீ மெல்லிசு ஃபேன் தேடணும். எனக்கு ரெண்டு ஸ்லாட் கார்டுதான், அடில ரெண்டு ஃபேன் போட்டு அது மேல நோக்கி கார்டுக்கே காத்த ஊதற மாதிரி வெச்சிருக்கேன்.

கார்ட நிக்க வெச்சு கண்ணாடி வழியா காட்டறதுக்குன்னு ரைசர் கேபிள் ஒண்ணும் கூடவே தர்றாங்க. பாக்க நல்லாதான் இருக்கும், ஆனா நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம், கார்டு நிமிந்து நின்னா உயரமான கூலருக்கு இடம் போயிடும், தட்டை கூலர்தான் வைக்கணும். ரெண்டாவது, அந்த ரைசர் ஜென் 3 (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற பிசிஐஇ இணைப்போட தலைமுறை), இப்ப வர்ற கார்டெல்லாம் ஜென் 4, ஜென் 5, பயாஸ்ல (மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ்) போய் ஸ்லாட்ட ஜென் 3-ன்னு மாத்தலனா டிஸ்ப்ளே வராமலே போகலாம், கார்டு போச்சுன்னு நினைச்சு பயந்துடுவீங்க. அதுலயும் 4060 மாதிரி கார்டு எட்டு லேன்தான் (டேட்டா ஓடற பாதை) பயன்படுத்துது, அத ஜென் 3-ல ஓட்டினா வழி இன்னும் பாதியா குறுகுது. காசு கொடுத்து வாங்கின கார்ட எதுக்கு கட்டிப் போடணும்.

தூசி பத்தி சொல்லணும். எங்க தெருவுல எப்பவும் ஏதாவது ஒரு வீட்ட இடிச்சு கட்டிட்டே இருப்பாங்க. பேனல் உள்பக்கம் மெல்லிசா வலை இருக்கு, மூணு வாரத்துக்கு ஒரு தடவ பேனல கழட்டி பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிடுவேன், அஞ்சு நிமிஷ வேலை. அடி வலைதான் சீக்கிரம் அடைக்குது. டேபிள் மேல இருக்கறதால முன்ன மாதிரி வீடு கூட்டற தூசி நேரா உள்ள வர்றதில்ல, அது பெரிய நிம்மதி.

கொற இல்லாம இல்ல. முன்னாடி டைப்-சி போர்ட்டே கிடையாது, பழைய மாதிரி அகலமான யுஎஸ்பி ரெண்டு, ஒரு ஆடியோ ஜாக், அவ்ளோதான். கல்யாண மண்டபத்துலேருந்து வர்ற எஸ்எஸ்டி எல்லாம் இப்ப டைப்-சி, தினமும் பின்னாடி கை விட்டு சொருக வேண்டியிருக்கு, என் வேலைக்கு இது நிஜமாவே தொந்தரவு. 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் மாட்ட இடம் இருக்குன்னு சொல்வாங்க, மாட்டினா ஃபேனுக்கான இடம் போயிடும், அதனால பழைய ஃபுட்டேஜ் எல்லாம் வெளி டிஸ்க்லதான் வெச்சிருக்கேன்.

பட்ஜெட் இறுக்கமா இருக்கறவங்க என்னைக் கேட்டா நான் லியான் லி ஏ3-ய பாருங்கன்னுதான் சொல்வேன். அது 26.3 லிட்டர், இதவிட ஒரு சுத்து பெருசு, ஆனா ஐடிஎக்ஸ விட பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போகும், சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே போகும், ரெண்டுலயும் மிச்சமாகற காசுக்கு ரேம் டபுள் ஆக்கிடலாம். என் டேபிள் அஞ்சடியா இருந்திருந்தா நானே அததான் எடுத்திருப்பேன்.

ஆனா பொங்கலுக்கு சேலம் போனப்போ இந்த சைஸோட அருமை தெரிஞ்சுது. மாமா பொண்ணு கல்யாணம் தை பொறந்ததும், வீடியோ வேலை முழுக்க என் தலைல, மெஷின விட்டுட்டுப் போக முடியாது. கிளம்பற அன்னிக்கு ராத்திரி கிராஃபிக்ஸ் கார்ட கழட்டி அதோட பெட்டிலயே வெச்சேன். பஸ் குலுங்கறப்போ அந்த எடை ஸ்லாட்ட இழுக்கும், அது மட்டும் வேண்டவே வேண்டாம், எவ்ளோ சின்ன கேபினட்டா இருந்தாலும் கார்ட கழட்டிட்டு தூக்குங்க. கேபினட்ட போர்வைல சுத்தி பெரிய ட்ராவல் பேக்ல நிக்க வெச்சா ஜிப் மூடிடுச்சு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி வழி முழுக்க என் கால் ரெண்டுக்கும் நடுவுலயே இருந்துச்சு, பக்கத்து சீட்டு பெரியவர் என்ன தம்பி தையல் மெஷினான்னு கேட்டாரு. வீட்டுக்குப் போய் அத்தை காபி போட்டு கொண்டு வர்றதுக்குள்ள பேனல கழட்டி கார்ட சொருகி பேனல மூடிட்டேன், ஹால்ல இருந்த டிவிய மானிட்டரா போட்டு அன்னிக்கு சாயங்காலமே மெஹந்தி வீடியோவ எல்லாரும் உக்காந்து பாத்தாங்க.