வெள்ளவத்தையில் வாங்கிய எமேர்ஜர் ஈப் பெட்டி: கிளிங்ஹாமருக்கு முழுப் புள்ளி

ரொறன்ரோவில் அண்ணா வீட்டுக்குப் போகுமுன், வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே ட்ரவுட் மீன் பிடிக்கும் ஈ (கொக்கியில் இறகும் இழையும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி) கட்டி விற்கும் ஒருவரிடம் இந்தப் பெட்டியை வாங்கினேன். 24 ஈக்கள், எல்லாமே மேபிளை எமேர்ஜர், அதாவது மேபிளை என்ற ஆற்றுப் பூச்சி சட்டை உரித்து வெளிவரும் நிலையைப் போலக் கட்டியவை. அளவு 14, 16, 18. எண் கூடக் கூடக் கொக்கி சின்னதாகும், முதல்தடவை வாங்குகிறவர்கள் கவனியுங்கள்.

மேபிளையின் இளம்பூச்சி ஆற்றின் அடியிலிருந்து மேலே வந்து, நீர்ப்பரப்பில் சட்டையை உரித்துவிட்டுத்தான் பறக்கும். உரிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் பாதி உடம்பு தண்ணீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்டு கிடக்கும், தப்பி ஓட வழியில்லை, ட்ரவுட்டுக்கு அது கையில் கொடுத்த சாப்பாடு மாதிரி. அதனால் எமேர்ஜரின் வால்பக்கம் உள்ளே தொங்கவேண்டும். முழுசாக மிதந்தால் அது எமேர்ஜரே இல்லை.

கொழும்பில் ட்ரவுட்டுக்கு எங்கே போவது? குசினியில் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றாகப் போட்டு, கீழிருந்து பார்த்தேன். பத்துக் கிளிங்ஹாமரும் அருமை! நெதர்லாந்துக்காரர் ஹான்ஸ் வான் கிளிங்கன் 1980களில் உருவாக்கிய வகை இது. வளைந்த கொக்கி, உடம்பு உள்ளே தொங்கும், வெள்ளைத் தண்டைச் சுற்றிக் கிடையாகக் கட்டிய இறகு அதைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்பார்க்கிள் டன் என்ற வகை ஆறும் சரியில்லை, உரித்த சட்டைக்காக வாலில் வைத்த மினுங்கும் இழை துடைப்பம் மாதிரித் தடிப்பு, பாதியாக வெட்டித்தான் பாவித்தேன்.

மற்ற எட்டும் வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இறகில் கட்டியவை. கட்டு நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஈ மிதக்கப் பூசுவதற்குப் பெட்டியோடு ஒரு ஜெல் தருகிறார், அதை இந்த இறகில் தடவினால் ஒட்டிப்போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இரண்டு வீணாகிவிட்டது. இதற்கு மிதக்கவைக்கும் தூள்தான் வேண்டும், மீன் பிடித்த பிறகு அலசி, துணியில் ஒற்றி, தூளில் குலுக்கினால் திரும்ப மிதக்கும்.

அப்புறம் கனடாவில், ஜூனில் ஒரு பின்னேரம், ஃபேர்கஸ் ஊர்ப் பக்கம் கிராண்ட் ஆற்றில் அண்ணாவும் நானும். மீன்கள் எழும்புகின்றன, ஆனால் முதுகுதான் தெரிகிறது, மூக்கு இல்லை, குமிழியும் இல்லை. பரப்புக்குக் கொஞ்சம் கீழே தின்கின்றன என்று அர்த்தம். அண்ணா அரைமணி நேரம் மிதக்கும் ஈயையே போட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் தொடவில்லை. நான் 16ஆம் அளவுக் கிளிங்ஹாமரை 5எக்ஸ் என்ற மெல்லிய தங்கூசியில் கட்டி, இழுக்காமல் நீரோட்டத்தோடு விட்டேன். மூன்று பிரவுண் ட்ரவுட்! மூன்றையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம். நாங்கள் நின்ற பகுதியில் எதிர்முள் (கொக்கி நுனியருகே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்) இல்லாத கொக்கிதான் பாவிக்கலாம், இந்தப் பெட்டியில் எல்லாவற்றிலும் எதிர்முள் இருக்கிறது, குறட்டால் நசுக்கியபோது இரண்டு கொக்கி முறிந்தே போய்விட்டது.

திரும்பி வந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். கிளிங்ஹாமரை மட்டும் தனியாகத் தருவாராம். எதிர்முள் இல்லாத கொக்கியில், 16ஆம் அளவில் ஒரு டசின் சொல்லிவைத்திருக்கிறேன்.